பரணில் கிடக்கும் பெட்டி டிவியை வைத்து மீடியா ஆர்ட் செய்யலாமா?

மதுரையில் விஸ்காம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “மீடியா ஆர்ட் செய்ய ஆசை. புரொஜக்டர், மேக், காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதற்கும் வசதியில்லை. வீட்டில் பழைய இலவச டிவியும், அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பும் சும்மா கிடக்கின்றன. இவற்றையும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளையும் வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? பழசு மேல் உள்ள ஏக்கம் என்று ஆகிவிடாதா? எங்கிருந்து தொடங்குவது?”

தாராளமாக முடியும் தம்பி. டிவி, கம்ப்யூட்டர் மாதிரியான மின்னணுக் கருவிகளையே வைத்துச் செய்யும் கலைதான் மீடியா ஆர்ட். வீடியோ கலை என்று இன்று சொல்லப்படுவது பிறந்ததே யாரோ பார்த்து முடித்த டிவிப் பெட்டிகளில்தான். 1963-ல் ஜெர்மனியில் வுப்பர்டால் என்ற ஊரில் கொரியாக்காரரான நாம் ஜூன் பைக் ஒரு கண்காட்சி வைத்தார். டிவிகளின் உள் சுற்றுகளை மாற்றி, வந்துகொண்டிருந்த ஒளிபரப்பையே கோடாகவும் அலையாகவும் நெளிய வைத்தார். 1965-ல் ஒரு டிவியின் தலைமேல் பெரிய காந்தத்தை வைத்துப் படத்தை வளைத்தார். அப்புறம் 2002-ல் அமெரிக்காவின் கோரி ஆர்கேஞ்சல் பழைய நின்டெண்டோ வீடியோ கேமின் மரியோ கார்ட்ரிட்ஜைத் திறந்து, சிப்பை மாற்றி, விளையாட்டில் இருந்த எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நீல வானத்தில் நகரும் மேகங்களை மட்டும் விட்டுவைத்தார். அதன் நிரலையும் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்.

இவர்கள் இருவருக்கும் மூடியைக் கழற்ற முடிந்தது, உள்ளே என்ன நடக்கிறது என்று பின்தொடர முடிந்தது. அதனால்தான் கருவியைத் தயாரித்தவர் நினைக்காத வேலையை அதனிடமிருந்து வாங்க முடிந்தது. இன்றைய ஸ்மார்ட் டிவியில் இதைச் செய்து பாருங்கள். பசை போட்டு ஒட்டிய பலகை, பூட்டிய மென்பொருள். நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருக்கும் ஓப்பன் சோர்ஸுக்கும் பழைய எலக்ட்ரானிக்ஸுக்கும் உள்ள உறவு இதுதான் என்பது என் எண்ணம். இரண்டுமே திறந்து பார்க்க இடம் கொடுக்கின்றன. நீங்கள் தேட வேண்டியது வயதான கருவியை இல்லை, திறக்க முடிகிற கருவியை.

ஏக்கம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பழைய விஎச்எஸ் வீடியோ கேசட்டில் தெரியும் கோடுகளை ஃபில்டராகப் போட்டு, கேசட் படத்தை ஓரத்தில் ஒட்டி வரும் வீடியோக்களில் எனக்கு ஈடுபாடு இல்லை. உங்கள் வேலைக்கு ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: அந்தக் கருவியை எடுத்துவிட்டு அதே படத்தை மொபைலில் காட்டினால் எதுவும் குறையவில்லை என்றால், கருவி அங்கே தேவையில்லை. குறைகிறது என்றால் அது ஏன் என்று யோசியுங்கள். உங்கள் வேலை எதைப் பற்றியது என்பது அங்கே பிடிபடும்.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் கச்சாப் பொருள் வேறெங்கும் இருக்காது. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு வீடு வீடாக 14 அங்குல கலர் டிவி கொடுத்தது. 2011 வரைக்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேலான பெட்டிகள். 2011 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கு லேப்டாப். அந்த முதல் லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்ததே இல்லை. ஒரு மாநிலமே ஒரே அளவுள்ள திரையையும் ஒரு ஓப்பன் சோர்ஸ் இயங்குதளத்தையும் வீட்டுக்குள் வாங்கி வைத்திருந்தது. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் அந்த டிவிகள் இன்று பரணில், மாட்டுக் கொட்டகையில், காயலான் கடையில் கிடக்கின்றன. எந்த வீட்டுக்குப் போனாலும் அதைச் சுற்றி ஒரு கதை இருக்கும்: யார் பெயரில் டோக்கன் வந்தது, முதல்நாள் எந்த நாடகம் பார்த்தார்கள், சண்டையில் யார் ரிமோட்டை உடைத்தார்கள். இந்த மண்ணில் ஒருவர் அந்த 14 அங்குலத் திரையைக் கையில் எடுத்தால், அது பைக்கின் டிவியிலிருந்து வேறுபட்ட பொருளாகிவிடுகிறது. இதை விட்டுவிட்டு ஜெர்மனியில் செய்ததை இங்கே திரும்பச் செய்வது வீண்.

தொடங்க கம்ப்யூட்டரே வேண்டாம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் கழற்றிப் போட்ட அனலாக் சிசிடிவி கேமராக்கள் கிடைக்கும். கடைக்காரர்கள் எல்லோரும் ஐபி கேமராவுக்கு மாறிக்கொண்டிருப்பதால் பழையதற்கு விலையே இல்லை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பின்னால் வந்த எச்டி அனலாக் கேமராக்களின் சிக்னல் பழைய டிவிக்குப் புரியாது. சாதாரண காம்போசிட் சிக்னல், அதாவது மஞ்சள் பின் ஒயரில் போகும் பழைய டிவி சிக்னல் தருவதாக இருக்க வேண்டும். 12 வோல்ட் அடாப்டர், கேமரா ஒயரின் முனையை மஞ்சள் பின்னுக்கு மாற்றும் ஒரு பிஎன்சி-ஆர்சிஏ கன்வெர்ட்டர், மஞ்சள் பின் ஒயர் ஆகியவையும் வேண்டும். கேமராவை டிவியின் ஏவி இன்னில் சொருகி, அந்த டிவியையே பார்க்கும்படி கேமராவைத் திருப்பி வையுங்கள். திரைக்குள் திரை, அதற்குள் திரை என்று போகும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தச் சுரங்கம் சுழல ஆரம்பிக்கும். பிரைட்னஸையும் கான்ட்ராஸ்டையும் மெதுவாகத் திருப்பினால் பூ மாதிரி விரிந்து, துடித்து, அணைந்து, மறுபடி தானாகப் பற்றிக்கொள்ளும். நடுவில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிவிட்டு எடுத்தால், அந்த வெளிச்சம் குச்சி அணைந்த பிறகும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கலாம். கணினியில் இதைப் போலச் செய்யலாம் என்றாலும் கையால் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியதற்கு உடனே படம் பதில் சொல்லும் சுகம் இங்கேதான். இதோடு ஒரு வாரம் உட்காருங்கள். சிக்னல் என்றால் என்ன என்பது புத்தகம் இல்லாமலே புரிந்துவிடும்.

அடுத்து ஆர்டுயினோ. 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காகவே உருவான, புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன எலக்ட்ரானிக்ஸ் பலகை. சர்க்யூட் வரைபடம் வெளிப்படையாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கிறார்கள். அதனால்தான் நமக்கு மலிவாகக் கிடைக்கிறது. டிவிஅவுட் என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி, அதாவது முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு இருக்கிறது. 470 ஓம், 1 கிலோ ஓம் என்று இரண்டே ரெசிஸ்டர்களை வைத்து ஆர்டுயினோ ஊனோவிலிருந்து கறுப்பு வெள்ளைப் படத்தை டிவிக்கு அனுப்பலாம். 128-க்கு 96 புள்ளிகள், அவ்வளவுதான். ஒரு புள்ளிக்கு ஒரு பிட் என்றால் மொத்தம் 1536 பைட். அந்தச் சிப்பில் இருக்கும் நினைவகமே 2048 பைட்தான். நம் நாட்டு டிவிகளின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு வரி வரைய 64 மைக்ரோ விநாடி. சிப் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கிறது. அதாவது ஒரு வரிக்குள் 1024 துடிப்பு. அதற்குள் அந்த வரியின் படத்தை அனுப்பி முடிக்க வேண்டும், உங்கள் கணக்கை மிச்ச நேரத்தில்தான் போட வேண்டும். இந்த நெருக்கடி கலைஞருக்கு நல்ல ஆசிரியர். எதை விடலாம், எதை விடவே கூடாது என்று முடிவெடுக்கப் பழக்கிவிடும்.

கலரும் வேகமும் வேண்டுமென்றால் ராஸ்பெரி பை என்ற கையளவு கம்ப்யூட்டர். முதல் மாடலில் மஞ்சள் பின் நேராகவே இருந்தது. பின்னால் வந்த பெரிய மாடல்களில் ஆடியோ ஜாக்கிலேயே வீடியோவும் வரும். ஐந்தாவது மாடலில் மட்டும் ஜாக் கிடையாது, பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஜாக் மாடல்களில் கடையில் கிடைக்கும் எல்லா ஏவி ஒயரும் வேலை செய்யாது. சில ஒயர்களில் கிரவுண்டும் வீடியோவும் இடம் மாறியிருக்கும். படம் உருண்டாலோ வரவே இல்லை என்றாலோ பலகையைச் சந்தேகப்படும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள். அதோடு பை வழக்கமாக அமெரிக்க என்டிஎஸ்சி முறையில்தான் சிக்னல் அனுப்பும். அமைப்புக் கோப்பில் பால் என்று மாற்றினால்தான் நம் பெட்டியில் கலர் ஒழுங்காக வரும். நான்காவது மாடலில் காம்போசிட்டைத் தனியாக இயக்கிவிடவும் வேண்டும்.

தமிழ் எழுத்தைத் திரையில் காட்டப் போகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். பால் படத்தில் 625 வரி, அதில் கண்ணுக்குத் தெரிவது 576. அதுவும் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று மாறி மாறி வரையப்படும். ஒரே வரி தடிமனுள்ள எந்தக் கோடும் துடிக்கும். நம் எழுத்தின் புள்ளி முதலில் அடிவாங்கும். ‘ண’, ‘ஞ’ மாதிரி எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கனமான எழுத்துரு, பெரிய அளவு, ஓரத்தில் நல்ல இடைவெளி வேண்டும். இந்தப் பெட்டிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குள் மறைத்துக்கொள்ளும். நம்ம ஊர்ச் சுவரெழுத்துக்காரர்கள் தூரத்திலிருந்து படிக்க எழுதுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும், அவர்கள் புள்ளியை எவ்வளவு பெரிதாக வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கலர் டிவியின் பின்மூடியை நீங்களாகக் கழற்றவே கூடாது. பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் குமிழுக்குள் போகும் ஒயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். டியூபை உடைக்கவும் வேண்டாம். கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, உள்ளே வெற்றிடம் என்பதால் சில்லு தெறிக்கும். காந்தம் வைத்துப் பார்க்க ஆசை வரும். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் வையுங்கள், எடுத்ததும் படம் சரியாகிவிடும். கலர் பெட்டியில் உள்ளே இருக்கும் ஓட்டைத் தகடு காந்தமேறி ஊதா, பச்சைத் திட்டு நின்றுவிடும்.

உள்ளே கை வைக்க வேண்டிய வேலைக்கு டிவி மெக்கானிக்கிடம் போங்கள். செல்லூர், சிம்மக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய மெக்கானிக் யாராவது இன்னும் இருப்பார். பலர் இப்போது மிக்ஸியும் இன்டக்‌ஷன் அடுப்பும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். “அண்ணே, படத்தைச் சரி பண்ண வேண்டாம், செங்குத்தாக ஒரே கோடாக வர வைக்க முடியுமா?” என்று கேட்டால் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் காயிலின் எந்த ஒயரை எடுக்க வேண்டும், உயர் மின்னழுத்தம் தரும் எல்ஓடி டிரான்ஸ்ஃபார்மர் சூடாகாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார். அவர் முப்பது வருடம் கோளாறு என்று பார்த்ததெல்லாம் நமக்குப் படிமம். இந்தக் கலைக்கு நம் ஊரில் இருக்கும் உண்மையான ஆசிரியர்கள் அவர்கள்தான் என்று நான் நம்புகிறேன். உழைப்புக்குக் கூலி கொடுங்கள். கண்காட்சி அட்டையில் உதவி என்று கடைசியில் போடாமல் உங்கள் பெயரோடு அவர் பெயரையும் போடுங்கள்.

இனி மென்பொருள். ஒன்றே ஒன்று கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் பியூர் டேட்டா என்ற மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். இதை எழுதியவர் மில்லர் பக்கெட். 1980-களில் பாரிஸின் இர்காம் இசை ஆராய்ச்சி நிலையத்தில் மேக்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கியவரும் அவர்தான். மேக்ஸ் விற்பனைப் பொருளாகிவிட்டது. 1990-களில் அவரே மறுபடி உட்கார்ந்து, யாரும் எடுத்துக்கொள்ளும் உரிமத்தோடு பியூர் டேட்டாவை எழுதினார். பெட்டிகளை வரைந்து கோடு போட்டு இணைத்தால் ஒலி வரும். ஜெம் என்ற இணைப்பைப் போட்டால் படமும் வரும். உங்கள் அக்காவின் லேப்டாப்பில் 2 ஜிபி ராம் இருந்தாலும் தாராளமாக ஓடும். எனக்கு இதில் பிடித்தது, நீங்கள் சேமிக்கும் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரில் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பேட்ச் என்று சொல்லப்படும் இந்தக் கோப்பு இருபது வருடத்துக்கு முந்தையதாக இருந்தாலும் இன்றைக்கும் பெரும்பாலும் திறக்கும்.

இதன் அருமை, இணையத்தில் அனிமேஷன் ஓட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளின் கதையைப் பார்த்தால் தெரியும். 2000-களில் உலகம் முழுக்க எத்தனையோ கலைஞர்கள் தங்கள் வேலையை ஃபிளாஷில் செய்தார்கள். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே படத்தை ஓட்ட மறுத்தது. நல்ல நிலையில் இருந்த கணினியில், நல்ல நிலையில் இருந்த கோப்பு, ஒரு நிறுவனத்தின் தேதி வந்ததும் நின்றுபோனது. அதில் ஒரு பகுதியையாவது இன்று மறுபடி பார்க்க முடிகிறதென்றால் ஃபிளாஷ் பிளேயரைப் போலவே நடந்துகொள்ளும் ரஃபிள் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை ஆட்கள் உட்கார்ந்து எழுதியதால்தான். கிராக் செய்த மென்பொருளை நான் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். அதில் உங்கள் வேலையை இன்னொருவருக்கு முழுதாகக் கொடுக்க முடியாது. அவர் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அவரும் திருட வேண்டும்.

லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை, எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்டிஇ என்ற லேசான மேசைத்தளத்தோடு போடுங்கள். மெஷின் 32 பிட் என்றால் டெபியன் 12-ஐ எடுங்கள், 2025-ல் வந்த 13-ல் அதற்கு இன்ஸ்டாலர் இல்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு சின்ன எஸ்எஸ்டி போட்டால் பெரிய மாற்றம் தெரியும். நிரல் எழுதிப் படம் வரைய புராசஸிங் என்ற மென்பொருள் நல்லது. ஒலி வெட்ட ஆடாசிட்டி.

டிவியோடு நின்றுவிடாதீர்கள். லாரி ஆபீஸிலும் அரிசி மண்டியிலும் கிரீச் கிரீச்சென்று கத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அருமையான இசைக்கருவி. 1998-லேயே கனடாவின் மான்ட்ரியலில் இரண்டு கலைஞர்கள் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்களை வரிசையாக வைத்து ஒரு சிம்பொனியே நடத்தினார்கள். நம்மிடம் அதிகம் புழங்குவது டிவிஎஸ் பிரின்டர். 1911-ல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழில் குழுமத்தின் பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. லினக்ஸில் பிரின்டர் ஒரு கோப்பு போலவே தெரியும். டிரைவர் எதுவும் இல்லாமல் நேராக அதற்குள் எழுத்துகளை அனுப்பலாம். எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். முற்றுப்புள்ளி வரிசை ஒரு சத்தம், கனத்த கறுப்புக் கட்டம் வேறு சத்தம். சத்தமும் தாளில் விழும் படமும் ஒரே கட்டளையில் பிறக்கின்றன. அந்தப் பொருத்தத்தை வைத்து ஒரு முழு வேலை செய்யலாம்.

அதைவிட நான் உங்களுக்கு ஆசை காட்ட நினைப்பது திருவிழா விளக்கு செட். சித்திரைத் திருவிழாவிலும் ஊர்ப் பொங்கலிலும் பல்புகளால் ஆன மயில் தோகை விரிக்கும், அம்மன் கை அசையும். எல்இடி பலகை வருவதற்கு முன்பு அந்த அசைவுக்குப் பின்னால் இருந்தது ஒரு மர உருளை. அதன்மேல் செம்புத் தகடுகளை வெட்டி ஒட்டியிருப்பார்கள். மோட்டார் உருளையைச் சுற்ற, வரிசையாக நிற்கும் தொடுமுனைகள் தகட்டைத் தொட்டால் அந்த வரிசை பல்பு எரியும், விலகினால் அணையும். தகட்டின் நீளம்தான் நேரம், இடம்தான் முறை. பியூர் டேட்டாவில் நீங்கள் செய்யப்போகும், ஒலிகளை வரிசைப்படி ஓட்டும் சீக்வென்சரின் அதே அமைப்பு, நம் ஊர்த் தெருவில் 230 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் பெரியவர்களிடம் விசாரியுங்கள், குடோனில் ஒன்றிரண்டு கிடக்கலாம். கிடைத்தால் பல்புக்குப் பதிலாக 5 வோல்ட்டைக் கொடுத்து தொடுமுனைகளை ஆர்டுயினோவில் இணையுங்கள். உருளை சுற்றச் சுற்ற, அதில் எழுதியிருக்கும் மயிலை ஒலியாகக் கேட்கலாம். இப்படி ஒன்றை யாராவது மதுரையில் செய்துவிட மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நீங்களே செய்தால் சந்தோஷம்.

காட்சிக்கு வைக்கும்போது இரண்டு விஷயம். நம் ஊரில் மின்சாரம் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். அப்படி மின்சாரம் அடிக்கடி அறுபட்டால் ராஸ்பெரி பையின் மெமரி கார்டு கெட்டுவிடலாம். அமைப்பில் ஓவர்லே கோப்புமுறையை இயக்கினால் கார்டில் எதுவும் எழுதாது. சுவிட்சைப் போட்டதும் உங்கள் வேலை தானாக ஓட ஆரம்பிக்கும்படியும் செய்துவிடுங்கள். காவலுக்கு இருக்கும் அண்ணன் சுவிட்சைத் தட்டினால் போதும் என்கிற அளவில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, குறிப்பு எழுதுவது. பைக் 1988-ல் கொரியாவில் 1003 டிவிகளை அடுக்கிக் கோபுரம் ஒன்று செய்தார். பெட்டிகள் பழுதாகி, பாதுகாப்பில்லை என்று 2018-ல் அணைத்துவிட்டார்கள். உலகத்தில் டிவிக்கான புதிய பிக்சர் டியூப் செய்வாரில்லை. பழைய பெட்டிகளைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, முடியாத இடங்களில் தட்டைத் திரையை வைத்து, 2022-ல்தான் மறுபடி எரிந்தது. எதை மாற்றலாம், எதை மாற்றினால் அது பைக்கின் வேலையாக இருக்காது என்பதில்தான் அத்தனை வருட விவாதமும். உங்கள் வேலைக்கு அதை இப்போதே எழுதி வையுங்கள். டிவி செத்தால் எல்சிடி வைக்கலாமா கூடாதா, கூடாதென்றால் ஏன், எந்த ஒயர் எங்கே, எந்தப் பதிப்பு மென்பொருள், எந்த மெக்கானிக் எதை மாற்றினார் என்று. தமிழில், சாதாரண எழுத்துக் கோப்பில், நிரல் இருக்கும் அதே ஃபோல்டரில் வையுங்கள். ஃபோல்டரை ஓப்பன் சோர்ஸ் உரிமத்தோடு வெளியிட்டால் அடுத்த வருடம் உங்கள் கல்லூரி ஜூனியரே அதை எடுத்து ஓட்டிப் பார்ப்பார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டு டிவியைப் பரணிலிருந்து இறக்குங்கள். இரண்டு பேர் பிடித்து இறக்குங்கள், கனம் முழுக்கத் திரைப் பக்கம் இருக்கும். வெளித் தூசியைத் தட்டிவிட்டு, பின்னால் மஞ்சள் பின் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப நாள் ஓடாத பெட்டி என்பதால் பிளக் போடும் முன் மெக்கானிக் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. ரிமோட் இல்லையென்றால் யுனிவர்சல் ரிமோட் வாங்கிக்கொள்ளுங்கள், பல பெட்டிகளில் ஏவி சேனலுக்குப் போக அது வேண்டும்.